லாக்வுட் கிப்ளிங்கின் மாணவர்கள் செய்த வேலையை யார் பெயரில் எழுதுவது?

கூழாங்கல் (இழையைத் தொடங்கியவர்)

பம்பாய் கட்டடங்கள் பற்றிய இன்னொரு இழையில் கிராஃபர்ட் மார்க்கெட் வாசல் சிற்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "எழுத்தாளர் கிப்ளிங்கோட அப்பா செஞ்சது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த அப்பாவைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும் என்பதால் இந்த இழை.

ஜான் லாக்வுட் கிப்ளிங் 1837இல் யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் பாதிரியார். லாக்வுட் பெரிய அகாடமி எதிலும் படித்து வந்தவர் இல்லை. பீங்கான் பட்டறைகள் நிறைந்த பர்ஸ்லம் ஊரில் தொழில் பழகினார், அதோடு அந்த வட்டாரக் கலைப்பள்ளியில் படித்தார். பிறகு லண்டனில் சவுத் கென்சிங்டன் மியூசியத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது காட்ஃப்ரே சைக்ஸ் தலைமையில் சுடுமண் அலங்கார வேலை. அதுதான் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். அதன் உள்முற்றத்துச் சுவரில் கட்டடத்தில் உழைத்தவர்களை மொசைக்கில் பதித்திருக்கிறார்கள். அதில் லாக்வுட்டும் இருக்கிறார்.

1865 மார்ச்சில் ஆலிஸ் மெக்டொனால்டைக் கல்யாணம் செய்துகொண்டு, அடுத்த மாதமே பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கொடுத்த ஒரு லட்ச ரூபாயில் 1857இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளியில் கட்டடச் சிற்ப ஆசிரியர் வேலை. அந்த டிசம்பரில் பள்ளி வளாகத்து வீட்டிலேயே மகன் ரட்யார்ட், பின்னாளில் எழுத்தாளர், பிறந்தார். பத்து வருஷம் பம்பாய். 1875இல் லாகூருக்குப் போய் மேயோ கலைப்பள்ளியின் முதல் முதல்வர், கூடவே லாகூர் மியூசியத்தின் பொறுப்பாளர். 1893இல் ஓய்வு. ஆக, ஆசிரியராக மட்டும் 28 வருஷம்.

என் கேள்வி இது. 28 வருஷம் இந்தியாவில் இருந்த ஒரு சிற்பிக்குத் தன் பெயரில் நிற்கும் சிற்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அவருடைய மாணவர்கள் கை பட்ட மரமும் சுதையும் லாகூரில் இருக்கிறது, அமிர்தசரஸில் இருக்கிறது, விக்டோரியா மகாராணியின் சாப்பாட்டு அறையில் இருக்கிறது. பாடம் நடத்தியதுதான் அவர் செய்த பெரிய சிற்ப வேலை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாஹிம்வாசி

கிராஃபர்ட் மார்க்கெட் வழியாகத்தான் என் போக்குவரத்து. அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். இப்போதைய பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. வில்லியம் எமர்சன் கட்டியது, 1869இல் முடிந்தது. பிரதான வாசலின் வளைவுகளுக்கு மேலே இருக்கும் புடைப்புச் சிற்பங்களைத் தரையிலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரச் சிற்பி செய்தது என்றே தோன்றாது. கிரேக்கத் தேவதை கிடையாது, சிறகு முளைத்த குழந்தை கிடையாது. வயல்வேலை செய்கிற, சந்தைக்குச் சரக்கு கொண்டுவருகிற நம் ஊர் சனங்கள். பழமும் காய்கறியும் விற்கும் இடத்தின் வாசலில் அவற்றை விளைவிப்பவர்களை வைத்திருக்கிறார். உடம்பின் அமைப்பும் துணி மடிப்பும் ஐரோப்பியப் பயிற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தலைச்சுமையோடு ஒருவர் நிற்கும்போது கழுத்தும் இடுப்பும் எப்படி இருக்கும் என்று தெருவில் நின்று பார்க்காமல் அதைச் செய்திருக்க முடியாது.

உள்ளே ஒரு நீரூற்று உண்டு, அதிலும் அவருடைய சிற்பங்கள்தான். நான் பார்த்தபோது கூடைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில், கனமாகப் பெயின்ட் பூசப்பட்டு, முகங்கள் மழுங்கிப் போயிருந்தன. கல்லில் இருந்த உளி வேலை முழுக்கப் பெயின்டுக்குள். பார்த்தபோது மனசு ஆறவில்லை.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடலாம். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையச் சிற்பங்களையும் இவர் தலையில் கட்டுகிறார்கள். கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸ் அந்த வேலையை ஆரம்பித்தது 1878இல். அதற்கு மூன்று வருஷம் முன்பே லாக்வுட் லாகூர் போய்விட்டார். அங்கே இலை, பூ, குரங்கு, மயில் என்று கல்லில் ஓடுகிற அலங்காரம் ஜே.ஜே. பள்ளி மாணவர்களுடையது, அப்போது பள்ளியை நடத்தியவர் ஜான் கிரிஃபித்ஸ். லாக்வுட் போட்ட அடித்தளம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உளிச்சத்தம்

கூழாங்கல் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நாங்கள் தேர் வேலை செய்கிற குடும்பம். தாத்தா, பெரியப்பா, அப்பா எல்லோரும் மரத்தில் உளி பிடித்தவர்கள். எனக்கு இந்தக் கதையைக் கேட்டதும் முதலில் வருவது கோபம்தான்.

லாகூரில் பள்ளி திறந்ததும் அவர் தேடிச் சேர்த்த பையன்கள் யார்? பெரும்பாலும் தச்சர், கொல்லர் வீட்டுப் பிள்ளைகள். பரம்பரையாகப் பின்னல் சாளரமும் கதவு வேலையும் செய்தவர்களின் வாரிசுகள். அப்பன் பட்டறையில் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பையனைக் கூப்பிட்டு, உதவித்தொகை கொடுத்து, பலகையில் உட்காரவைத்து, பேப்பரில் கோடு போடக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் வேறு முறை. முதல் இரண்டு வருஷம் பையன் உளி தீட்டுவான், மரத்தின் ஓட்டம் பார்ப்பான். வாகையில் எந்தப் பக்கம் உளி வைத்தால் பிளக்கும், இலுப்பையில் எப்படி நிற்கும் என்று கை முதலில் தெரிந்துகொள்ளும். கோடு அதற்குப் பிறகுதான். கோடு போடுவதை முதலில் வைத்தால், வேலையைத் தீர்மானிப்பவன் ஒருத்தன், செய்பவன் இன்னொருத்தன் என்று ஆகிவிடும். அரசாங்கப் பொதுப்பணித் துறைக்கு வேண்டியதும் அதுதான்: வரைபடத்தைப் படித்து அப்படியே செய்து கொடுக்கிற கை.

கைவினையைக் காப்பாற்ற வந்தார் என்று சொல்கிறார்கள். அதை நசித்ததே அவர்களுடைய மில் துணியும் ரயிலும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுடுமண்

உளிச்சத்தம் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அரசுக் கலைப்பள்ளிகளுக்கு லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுத்த பாடத்திட்டம் அப்படிப்பட்டதுதான். பிரிட்டன் முழுக்க ஒரே திட்டம், 23 படிநிலைகள். முதலில் தட்டைப் படத்தைப் பார்த்துக் கோடு. பிறகு நிழல். பிறகு பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து வரைதல். களிமண்ணுக்கு வருவதெல்லாம் ரொம்பப் பின்னால். சென்னை, கல்கத்தா, பம்பாய் எல்லாப் பள்ளிக்கும் இந்த முறைதான் கப்பலேறி வந்தது, கூடவே கிரேக்க ரோமானியச் சிலைகளின் வார்ப்புகளும்.

ஆனால் லாக்வுட்டின் கை எங்கே பழகியது என்று பாருங்கள். பீங்கான் ஊரில். நான் பானை, சுடுமண் வேலை கற்றுக்கொடுக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்வேன். சுடுமண் அலங்காரத்தில் ஒரு உருவத்தைப் பிடித்தால் மட்டும் போதாது. மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். பதினாறு அங்குல இலை சூளையிலிருந்து வரும்போது பதினாறு அங்குலமாக இருக்காது. கனமான இடம் வெடிக்கும், அதனால் பின்பக்கத்தைக் குடைய வேண்டும். அச்சிலிருந்து கழன்று வருவதற்குத் தோதாகப் பள்ளங்களைத் திறந்து வைக்க வேண்டும். இதெல்லாம் பேப்பரில் தெரியாது. இந்த அறிவோடு வந்தவர் கோடு போடுவது மட்டுமே படிப்பு என்று நம்பியிருக்க வாய்ப்பில்லை.

அவர் லாகூரில் செய்த மாற்றம் இது. பிளாஸ்டர் வீனஸை ஒதுக்கிவிட்டு, பையன்களை வெளியே கூட்டிப்போனார். பழைய லாகூரில் வசீர் கான் மசூதி இருக்கிறது, ஷாஜகான் காலத்தது, சுவர் முழுக்கக் காஷி என்கிற வண்ண மெருகு ஓட்டு வேலை. அந்தக் கட்டடமே ஒரு வடிவமைப்புப் பள்ளி என்று அவர் எழுதியிருக்கிறார். அதன் கொடிகளையும் ஜாடிப் பூக்களையும் மாணவர்கள் நேரில் நின்று பிரதியெடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாடம் அந்த ஊர்ச் சுவரிலிருந்தே வந்தது. அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

பம்பாயில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜே.ஜே.யில் பின்னால் படித்த கண்பத்ராவ் மாத்ரே 1896இல் "கோயிலுக்குப் போகும் பெண்" சிலையைப் பிளாஸ்டரில் செய்தார். அற்புதமான வேலை. சேலை மடிப்பில் காற்று இருக்கும். ஆனால் அது ஐரோப்பிய யதார்த்தப் பாதையில் வந்த சிலை. லாகூர் மாணவர்கள் போன பாதை வேறு, அவர்கள் கட்டடத்தோடு ஒட்டிய வேலையிலேயே நின்றார்கள்.

பனைநிழல்

வணக்கம். நான் இங்கிலாந்தில இருக்கிறன், பிறந்தது யாழ்ப்பாணம். விக்டோரியா ராணியின்ர ஒஸ்போர்ன் மாளிகைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போன நேரம் தர்பார் அறையைப் பார்த்தனான், கூழாங்கல் சொன்ன சாப்பாட்டு அறை அதுதான். வைட் தீவில இருக்கு.

உள்ளுக்குப் போனவுடன கண் கூசும். கூரை முழுக்க வெள்ளை நகாசு வேலை, ஒரு சாண் இடமும் வெறுமையா இல்லை. கணப்படுப்புக்கு மேல பெரிய மயில் ஒண்டு தோகை விரிச்சு நிக்குது. கிட்டப் போய்ப் பார்த்தா ஒவ்வொரு இறகுக் கண்ணும் தனித்தனியா எடுபட்டு நிக்கிறது தெரியும். 1890க்கும் 1892க்கும் இடையில செய்தது. லாக்வுட் கிப்ளிங்கிட்ட ராணி கேட்டவ, அவர் தன்னுடைய மாணவன் பாய் ராம் சிங்கை அனுப்பினவர். ராம் சிங் லாகூரில இருந்து வந்து, அந்தத் தீவில தங்கி நிண்டு செய்து முடிச்சவர். அவரின்ர உருவத்தை ருடால்ஃப் ஸ்வோபோடா எண்ட ஓவியரைக் கொண்டு ராணி வரைவிச்சிருக்கிறா.

இதுக்கு முன்னமே ராணியின்ர மகன் கனாட் கோமகனுக்கு பேக்‌ஷாட் பார்க் மாளிகையில பில்லியர்ட்ஸ் அறை ஒண்டு செய்து குடுத்திருக்கினம். அந்த மரப் பலகையள் பஞ்சாபில செதுக்கிக் கப்பலில வந்தது.

எனக்கு மனசில நிக்கிற கேள்வி கூழாங்கல் கேட்டதுதான், ஆனா மறுபக்கமா. எத்தினையோ இடத்தில "கிப்ளிங் வடிவமைச்ச தர்பார் அறை" எண்டுதான் எழுதிக் கிடக்கு. அங்க வந்து குளிருக்குள்ள நிண்டு செய்தது ராம் சிங். அவரின்ர பெயர் ஏன் இரண்டாவதா வருது?

வைகைக்கரை

எல்லோரும் கலையைப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன்.

1877 ஜனவரி 1. டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்த தர்பார். அதில் கலந்துகொண்ட சமஸ்தான மன்னர்களுக்குப் பட்டுக் கொடிகள் கொடுத்தார்கள், ஒவ்வொன்றிலும் அந்த அரசருக்கென்று ஐரோப்பிய பாணியில் புதிதாக உருவாக்கிய சின்னம். அவற்றை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங். தையல் வேலையில் ஆலிஸும் கை கொடுத்திருக்கிறார்.

அதே நேரம் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். சேலம், கோயம்புத்தூர், மதுரை, பெல்லாரி என்று ஊர் ஊராகச் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டியது அப்போதுதான். எங்கள் பக்கம் இன்றைக்கும் தாது வருஷக் கும்மி பாடத் தெரிந்த கிழவிகள் உண்டு.

லாக்வுட் தனிப்பட்ட முறையில் நல்ல ஆசிரியராக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் கை அரசுக்கு அலங்காரம் செய்த கையும்தான். அதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையைப் பேசினால் பாதி வாழ்க்கைதான் பேசியதாகும்.

கூழாங்கல்

வைகைக்கரை, நீங்கள் சொன்னது இந்த இழைக்குத் தேவையானது. அந்தக் கொடிகளை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டியதுதான். அரசின் சம்பளக்காரர் அவர், அரசை நம்பியவரும்கூட. இங்கே யாரும் அவரைப் புனிதராக்கப் போவதில்லை.

உளிச்சத்தம் தம்பிக்கு ஒரு விஷயம். பள்ளி வரும் முன்னமே அவர் பட்டறைகளுக்குப் போனவர். 1870இலும் 1872இலும் அரசு அவரை வட இந்தியா அனுப்பி, கைவினைஞர்கள் வேலை செய்வதை வரையச் சொன்னது. அந்தப் பென்சில் படங்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். சிம்லாவில் வரைந்த மரச் சிற்பி ஒருவர் தரையில் உட்கார்ந்து உளி பிடித்திருக்கிறார். எந்தக் கருவி எந்தக் கையில், பலகை எந்தக் கோணத்தில், உடம்பு எங்கே வளைகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரனைப் பார்க்கிற பார்வை அது. 2017இல் அங்கே அவருக்கென்றே நடத்திய பெரிய கண்காட்சியிலும் அவருடைய ஓவியங்கள்தான் நிறையப் பேரை நிறுத்திப் பார்க்க வைத்தன.

உளிச்சத்தம்

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு அந்த மரச் சிற்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு உட்காரும் விதம் சரியாக இருக்கிறது. எங்கள் பெரியப்பா அப்படித்தான் உட்காருவார். வரைந்தவருக்கு வேலை தெரியும், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் படத்தின் தலைப்பில் என்ன இருக்கிறது? தொழிலும் ஊரும். ஆள் பெயர் இல்லை. நான் கேட்பது இது ஒன்றுதான். எங்கள் ஊர்த் தேரிலும் செய்தவர் பெயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே வேறு யார் பெயரும் இல்லை. ஊருக்குத் தெரியும் எந்தப் பட்டறை வேலை என்று. மியூசியத்தில் ஒரு பெயர் எழுதுகிறீர்கள், அது வரைந்தவர் பெயர். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

சுடுமண்

இதனால்தான் ராம் சிங்கின் கதையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். அவருக்குப் பெயர் கிடைத்தது, ஆனால் எவ்வளவு தாமதமாக என்பதையும் பார்க்க வேண்டும்.

1858இல் பிறந்தவர். பட்டாலா பக்கம், தச்சர் குடும்பம், ராம்கடியா சீக்கியர். மேயோ பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவர். படித்த இடத்திலேயே ஆசிரியர் ஆனார், பிறகு துணை முதல்வர். லாகூர் மியூசியத்தின் இன்றைய கட்டடம் அவரும் லாக்வுட்டும் சேர்ந்து செய்தது. அமிர்தசரஸ் கால்சா கல்லூரி அவருடைய வரைபடம். லாகூர் அய்ச்சிசன் கல்லூரிக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. செங்கல்லில் வளைவும் மாடமும் சத்திரி என்கிற சின்னக் குவிமாட மண்டபமும் அவர் அடுக்கும் விதத்தைப் பார்த்தால், மரத்தில் சேர்ப்பு வேலை பழகியவர் செங்கலைக் கையாளுகிறார் என்பது தெரியும். ஒவ்வொரு உறுப்பும் இன்னொன்றுக்குள் போய் உட்காரும்.

உளிச்சத்தம், நீங்கள் சொன்ன "கோடு முதலில்" படிப்பைப் படித்தவர்தான் இவர். ஆனால் கோடு அவரை வேலையாளாக நிறுத்தவில்லை. அப்பன் பட்டறையிலேயே இருந்திருந்தால் அருமையான கதவுகள் செய்திருப்பார். பேப்பரில் வரையத் தெரிந்ததால்தான் ஒரு முழுக் கல்லூரியைத் தன் மனசுப்படி கட்டச் சொல்ல முடிந்தது. வரைபடத்தைத் தீர்மானிக்கிறவன், செய்கிறவன் என்று இரண்டாகப் பிரிந்த உலகத்தில் அவர் தீர்மானிக்கிற பக்கம் போனார். எல்லா மாணவருக்கும் இது வாய்க்கவில்லை, அதுவும் உண்மை. நிறையப் பேர் ஓவிய ஆசிரியராகவும் அரசு அலுவலகத்தில் வரைவாளராகவும்தான் முடிந்தார்கள்.

மாஹிம்வாசி

சென்னையில் என்ன நிலைமை என்று யாராவது சொன்னால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

வைகைக்கரை

சென்னைப் பள்ளி இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ டாக்டர் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்தார், பிறகு அரசு எடுத்துக்கொண்டது. செங்கல், ஓடு, மண்பாண்டம், மரச்செதுக்குப் படம் என்று தொழிலை ஒட்டிய படிப்பு. கட்டடக் கலைஞர் சிஷோம் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்தார். 1884இல் ஹேவல் பொறுப்புக்கு வந்தார். 1898இல் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கே அலுமினியப் பாத்திர வேலையை ஆரம்பித்துவைத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வீட்டு அலுமினியப் பானைக்கும் கலைப்பள்ளிக்கும் அப்படி ஒரு உறவு.

இந்தியர் ஒருவர் அதற்குத் தலைமை ஏற்றது 1929இல், தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரும் சிற்பி. மெரினா உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான்.

பனைநிழல்

அப்ப லாகூரில ராம் சிங் எப்ப முதல்வரா வந்தவர்?

சுடுமண்

1910இல். லாக்வுட் 1893இல் ஓய்வு பெற்றபோது ராம் சிங் மகாராணி வீட்டு வேலையையே முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தவர், வயது 35. ஆனால் நாற்காலி அவருக்கு வரவில்லை. நடுவில் ஆங்கிலேயர்கள், பெர்சி பிரவுன் உட்பட. 17 வருஷம் கழித்துத்தான் கொடுத்தார்கள். 1913இல் ஓய்வு, 1916இல் காலமானார். மூன்று வருஷம்தான் முதல்வர்.

உளிச்சத்தம்

இந்தப் 17 வருஷத்தைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லத் தெரியாமல் படிப்பைக் குறை சொன்னேன் போல. படிப்பு கொடுத்தவர் வாசல் வரை கூட்டிவந்தார். உள்ளே விட வேண்டியது அரசாங்கம், அது விடவில்லை.

கூழாங்கல்

சென்னையோடு வைத்துப் பார்த்தால் லாகூர் 19 வருஷம் முந்தியது என்றும் சொல்லலாம் தம்பி. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம்.

மாஹிம்வாசி, பனைநிழல் இருவருக்கும் ஒரு தகவல். லாக்வுட் ஓய்வுக்குப் பிறகு வில்ட்‌ஷயரில் டிஸ்பரி கிராமத்தில் இருந்தார். மனைவி ஆலிஸ் 1910 கடைசியில் காலமானார், அடுத்த சில மாதத்திலேயே 1911இல் இவரும். அந்த ஓய்வுக் காலத்தில்தான் அவர் மறுபடியும் சொந்தமாக மண்ணைத் தொட்டார். 1901இல் வெளிவந்த மகனின் "கிம்" நாவலுக்குப் படம் வேண்டும் என்றபோது பேனாவால் வரையவில்லை. கதாபாத்திரங்களைக் களிமண்ணில் தட்டையான புடைப்புச் சிற்பங்களாகச் செய்து, அவற்றைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டார்கள். பர்ஸ்லத்தில் 20 வயதில் பழகிய வேலை, 60 வயதுக்கு மேல் லாகூர்த் தெரு முகங்களோடு. அந்தக் கதையின் ஆரம்பத்தில் வரும் மியூசியப் பொறுப்பாளரும் அவர்தான் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும்.

பனைநிழல் கேட்ட கேள்விக்கு என் பதில்: தர்பார் அறையைப் பற்றி நம் தளத்தின் கட்டடப் பட்டியலில் நான் எழுதிய குறிப்பை இன்று மாற்றியிருக்கிறேன். "பாய் ராம் சிங், லாகூர் மேயோ கலைப்பள்ளி" என்று முதலில் வருகிறது. ஆசிரியர் பெயர் அடுத்த வரியில். விக்டோரியா டெர்மினஸ் குறிப்பையும் "ஜே.ஜே. பள்ளி மாணவர்கள்" என்று திருத்தியாயிற்று. கால்சா கல்லூரிப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அமிர்தசரஸ் போய்வந்தவர்கள் யாராவது படத்தோடு எழுதினால் சேர்த்துவிடலாம்.

உளிச்சத்தம்

கால்சா கல்லூரியை நான் எழுதுகிறேன் அண்ணா. பொற்கோயில் பார்க்கக் குடும்பத்தோடு வருகிற மாசி மாதம் போகிறோம். செங்கல் சேர்ப்புகளைக் கிட்டே நின்று படம் எடுத்து வருகிறேன். மர வேலைப்பாடு உள்ள கதவுகள் இருந்தால் அப்பாவையும் பார்க்கச் சொல்லி, எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.